வழிவிட்டவர்கள்

வெளிநாட்டு விமானங்கள் நள்ளிரவுக்கு மேல்தான் மீனம்பாக்கத்தில் இறங்குகின்றன. சரக்கு லாரிகளை நகரத்துக்குள் விடுவதும் அந்த நேரத்தில்தான். போதாக்குறைக்கு அன்று மழை வேறு. வசுமதி ஏறி உட்கார்ந்த வாடகைக் கார், பெரம்பூர் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று சொன்னது.

வசுமதிக்கு நாற்பத்து மூன்று வயது. பல் மருத்துவக் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்றில் மண்டல மேலாளர். ஜெர்மனியில் ஒரு வாரம் கண்காட்சியில் நின்று நின்று, துபாயில் விமானம் மாறி வந்து இறங்கியபோது கால்கள் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்தன. அதே நிறுவனத்தில் வேலை பார்க்கும் சுதர்சனும் அவளோடு ஏறிக்கொண்டான். அவன் வீடு அயனாவரம். போகிற வழியில் இறங்கிக்கொள்வான்.

அந்த நாட்களில் சென்னைக்குள் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. கார், பஸ், லாரி எல்லாவற்றையும் வழியகம் என்ற ஒரே அலுவலகத்தின் கணினிதான் நடத்திக்கொண்டிருந்தது. எந்த வண்டி எந்தப் பாதையில், எதற்குப் பின்னால் என்பதை அதுவே வரிசைப்படுத்தும். முந்துவதும் ஹாரன் அடிப்பதும் ஒழிந்து போயிருந்தன. வரிசை வந்தால் நகரும், வராவிட்டால் நிற்கும், அவ்வளவுதான். கத்திப்பாராவுக்குக் கொஞ்சம் முன்னால் கார் நின்றது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு விளக்குகள் மழையில் கலங்கிக் கிடந்தன.

வெகு நேரம் ஆகியும் நகராமல் போகவே, "வழி கேளுங்க மேடம்" என்றான் சுதர்சன்.

வழி கேட்பது என்றால் என்னவென்று நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். வண்டிக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தி, என்ன அவசரம் என்று வாயால் சொல்ல வேண்டும். முன்னால் நிற்கும் வண்டிகளில் இருப்பவர்களிடம் கணினி அதைச் சொல்லி, வழி விடுகிறீர்களா என்று கேட்கும். சம்மதித்தவர்களின் வண்டிகள் ஓரம் கட்டும். அதனால் அவர்கள் வரிசையில் தங்கள் இடத்தை இழந்து பின்னால் போவார்கள். மாட்டேன் என்று சொல்கிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனாலும் பெரும்பாலும் எல்லோரும் சம்மதித்தார்கள். ஊரே வியந்த விஷயம் அது.

வசுமதி அதுவரை கேட்டதில்லை. கேட்பதற்கு அத்தாட்சி வேண்டாமா என்று சுதர்சனிடம் கேட்டாள்.

"ஆரம்பத்துல ஆஸ்பத்திரி சீட்டு கேட்டாங்க மேடம். சீட்டைத் தேடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு பொண்ணுக்குக் கார்லயே பிரசவம் ஆயி, குழந்தை தங்கல. அதுக்கப்புறம் யார்கிட்டயும் எதையும் கேக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. நாம சொல்றதுதான்."

பொங்கலுக்குப் பிறகு தன் மாமியாருக்கு மூன்று தடவை உயிர் ஊசலாடிவிட்டது என்று சொல்லிச் சிரித்தான். வசுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் இருக்கையைச் சாய்த்துத் தூங்கிப் போனான். குறட்டை விட ஆரம்பித்தான். அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கால் தெறித்தது. தன் கட்டிலும் தன் தலையணையும் நினைவுக்கு வந்தன. இன்னொரு அரை மணி போனது. கார் நாலடி நகர்ந்து நின்றது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

"பெரம்பூர் போகணும். எங்கப்பாவுக்குக் கடைசி நேரம்னு சொல்றாங்க. ஒரு தடவை முகத்தைப் பார்த்துடணும்."

சொல்லும்போது குரல் உடைந்தது. களைப்பில் வந்த உடைசல். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்னால் இருந்த கார் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. அதற்கு முன்னால் இருந்ததும் ஒதுங்கியது. லாரி ஒன்று பெருமூச்சு விட்டதுபோல் சத்தமிட்டு நகர்ந்தது. நடுவில் ஈரத் தார்ச்சாலை பளபளக்க ஒரு பாதை திறந்தது. கார் அதில் புகுந்து வேகம் எடுத்தது.

ஓரத்தில் நின்ற வண்டிகளின் ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. வேலை முடிந்து வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி இவளைப் பார்த்துக் கை கூப்பினாள். தாடிக்காரர் ஒருவர் நெஞ்சில் கை வைத்துத் தலையை அசைத்தார். இன்னொரு காரில் ஐம்பது வயதுக்காரப் பெண்மணி ஒருவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். வசுமதி அவர்களைப் பார்க்க முடியாமல் குனிந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். புதைத்த பிறகுதான் தெரிந்தது, அது அழுகிறாற்போல இருக்கும் என்று. அப்புறம் நிமிரவே முடியவில்லை. அயனாவரத்தில் சுதர்சன் இறங்கும்போது, "பாத்தீங்களா மேடம், எவ்வளவு நல்ல ஜனங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்பா தணிகாசலம் விழித்திருந்தார். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டியும் தளராத உடம்பு. மனைவி போன பிறகு மகளுக்குத் துணையாக அவரும், அவருக்குத் துணையாக மகளும் அந்த வீட்டில் இருந்தார்கள். கதவைத் திறந்து பெட்டியை வாங்கி வைத்தார். அவளுடைய வீங்கிய காலைப் பார்த்துவிட்டு வெந்நீர் போடப் போனார்.

காலையில் கைப்பேசியில் செய்திகள் குவிந்திருந்தன. வழி விட்டவர்கள் விரும்பினால் ஒரு வார்த்தை அனுப்ப வழியகத்தில் இடம் உண்டு. பெயரும் முகவரியும் தெரியாத மனிதர்கள் எழுதியிருந்தார்கள். உங்கள் அப்பாவைப் பார்க்க முடிந்ததா என்று ஒருவர் கேட்டிருந்தார். என் அப்பாவும் போன வருஷம்தான் போனார், நீங்கள் சாப்பிடாமல் இருக்காதீர்கள் என்று ஒருவர். மூன்று நான்கு படித்துவிட்டு அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பொய்யைக் கணினியிடம்தான் சொன்னோம் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

அடுத்த வாரம் மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் அவள் தோளைத் தொட்டார். காரில் சிலுவைக் குறி போட்ட பெண்மணி. பெயர் ரெஜினா என்றும், ஐந்தாறு தெரு தள்ளித்தான் வீடு என்றும் சொன்னார். அன்று ராத்திரி முகத்தைப் பார்த்தது மனதில் நின்றுவிட்டதாம்.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?"

வசுமதியின் கையில் அப்பாவின் பெயர் எழுதிய ரத்த அழுத்த மாத்திரைப் பட்டை இருந்தது. "இருக்காரு" என்றாள். "கொஞ்சம் பரவாயில்ல." வந்து பார்க்கிறேன் என்றார் ரெஜினா. வேண்டாம், ரொம்பப் பலவீனமாக இருக்கிறார், யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டாள்.

ரெஜினா அதைத் தடையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வசுமதி ஜன்னலருகே நின்றபோது, கையில் தூக்குடன் அவர் தெருவில் வருவது தெரிந்தது. மருந்துக்கடையில் வீட்டைக் கேட்டிருக்க வேண்டும். எதிர் வீட்டு எண்ணைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். தணிகாசலம் மாடி பால்கனியில் துவைத்த துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

வசுமதி ஓடினாள். "அப்பா, உள்ள வாங்க. கொஞ்ச நேரம் படுத்துக்கோங்க."

ஏன் என்று கேட்டார். மூச்சு வாங்க நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். சொல்லும்போதே கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. தணிகாசலம் தன் கையில் இருந்த ஈரத் துண்டைப் பார்த்தார். அதைக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினார். பிறகு உள்ளே போய்க் கட்டிலில் படுத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் இருந்த காலம் முழுவதும் காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒரு நாள் லீவு போடாத மனிதர். அவர் கண்ணை மூடிக்கொண்ட விதத்தைப் பார்த்து வசுமதிக்கு உடம்பு கூசியது.

ரெஜினா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தூக்கில் ஆட்டுக்கால் சூப் இருந்தது. போர்வைக்கு வெளியே இருந்த தணிகாசலத்தின் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

அன்று அவரும் விமான நிலையத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தார். மகன் ஆல்வின் குவைத்தில் ஏசி மெக்கானிக். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், மூன்று வருடமாக அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அமலதாஸுக்குக் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு அன்றைக்கு வந்து இறங்கினான். அம்மாவும் பிள்ளையும் வழி கேட்டார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள்: உடம்பு மோசம், டாக்டர்கள் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அதற்கே ஜனங்கள் கத்திப்பாரா வரை வழி விட்டுக்கொண்டு வந்தார்கள். அங்கே மேற்கொண்டு நகர இடமில்லாமல் வண்டி நின்றபோது கணினி அவர்களிடம் ஒன்று கேட்டது. பின்னால் ஒரு மகள் அப்பாவைக் கடைசியாகப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறார். அவரை முதலில் விடலாமா?

"பையன்கிட்ட கேட்டேன். அவங்க போகட்டும்மா, நம்ம அப்பாவுக்கு நேரம் இருக்குன்னான்" என்றார் ரெஜினா.

அவர்கள் ஓரம் கட்டினார்கள். பின்வரிசையிலிருந்து மறுபடி முன்னேறி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அமலதாஸுக்கு நினைவு தப்பியிருந்தது. கொஞ்ச நேரம் முன்புவரை, பையன் வந்துட்டானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நர்ஸ் சொன்னாள். விடிவதற்குள் போய்விட்டார்.

"வழி விட்டது வீண் போகலய்யா. நீங்க நல்லபடியா இருக்கீங்க. அதைக் கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

தணிகாசலத்தின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரம் இறங்கித் தலையணையில் ஊறியது. ரெஜினா சட்டென்று பேச்சை நிறுத்தினார். அவர் கையைப் போர்வைக்குள் வைத்து மூடிவிட்டு, சூப்பைச் சூடு பண்ணிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெரு முனை திரும்பும்வரை வசுமதி ஜன்னலில் நின்றாள். பிறகு, போய்விட்டார், எழுந்திருங்கள் என்றாள். தணிகாசலம் எழுந்திருக்கவில்லை. இருட்டிய பிறகும் அப்படியே படுத்திருந்தார். சூப்பைத் தொடவில்லை. மகளை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் காலை நடைக்குப் போகவில்லை. அந்த அம்மா நடமாடுகிற தெரு, பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்றார். டீக்கடைச் சிநேகிதர்கள் வந்து விசாரித்தார்கள். அவர்களிடமும் உடம்பு சரியில்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. பால்கனியில் துணி போடுவதும் நின்றது. ரெஜினா வாரத்துக்கு ஒரு தடவை வந்தார். அவர் வருகிற நாளில் தணிகாசலம் முகச்சவரம் செய்துகொள்ளாமல் படுத்திருப்பார். நல்ல உடம்போடு நடமாடிய மனிதர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்ததில், நிஜமாகவே சோர்ந்து போனார்.

வசுமதி பொறுக்க முடியாமல் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வழியகத்துக்குப் போனாள். என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றாள். அவளைவிட வயதில் சிறியவரான அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தண்டனை என்று எதுவும் விதிகளில் இல்லை என்றார். அவள் எதிர்பார்த்த கோபம்கூட அவர் முகத்தில் வரவில்லை.

"பொய் சொல்றவங்க எத்தனை பேர்னு ஓரளவுக்கு எங்களுக்குத் தெரியும் மேடம். அதை வெளியில சொன்னா, நாளைக்கு யாருமே வழி விட மாட்டாங்க. நிஜமாவே சாகக் கிடக்கிறவங்களும் அதே ரோட்டுலதானே வராங்க?"

அவளுக்கு முன்னால் வந்தவர்களிடமும் இதையே சொல்லியிருப்பார் என்பது அவர் சொன்ன விதத்தில் தெரிந்தது. எழுந்து நின்று, நீங்கள் போகலாம் என்றார்.

அங்கிருந்து நேராக அவள் ரெஜினாவின் வீட்டுக்குத்தான் போனாள். நடுக்கூடத்தில் அமலதாஸின் படம், மாலை, அதன் கீழே சிவப்புச் சின்ன விளக்கு. ஆல்வின் வெளியே போயிருந்தான். வசுமதி உட்காராமல் நின்றபடியே, எங்கள் அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, அன்றைக்கும் ஒன்றும் இல்லை என்றாள்.

ரெஜினா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். "தெரியும்மா."

வசுமதிக்குப் புரியவில்லை.

"முதல் தடவை வரும்போதே தெருவுலேருந்து பாத்தேன். பால்கனியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தாரு. மேல வந்தா போத்திக்கிட்டுப் படுத்திருக்காரு. கையைப் பிடிச்சா சோப்பு வாசனை. ஈரம்கூடக் காயல."

"அப்புறம் ஏன்…"

"உங்க ரெண்டு பேருக்கும் உறைக்கணும்னுதான் அவ்வளவும் சொன்னேன். இன்னும் சொல்லியிருப்பேன். அவரு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பெத்த பொண்ணுக்காகப் பொணம் மாதிரி படுத்திருக்கிற மனுஷன்கிட்ட மேல என்ன பேசறது?"

வசுமதி காலில் விழுவதற்காகக் குனிந்தாள். ரெஜினா ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். அதெல்லாம் வேண்டாம் என்றார். குரலில் கனிவு இல்லை, கோபமும் இல்லை.

"ஆல்வினுக்குத் தெரியாது. தினம் ராத்திரி கேக்கறான், அந்தப் பெரியவர் எப்படி இருக்காருன்னு. நான் வாராவாரம் உங்க வீட்டுக்கு வந்ததே அவனுக்குப் பதில் சொல்லத்தான். முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு அவன் கிளம்பறதுக்கு முன்னால ஒரு தடவை வந்து பாக்கணுமாம். என்னால தடுக்க முடியாது. நீ பண்ணினதுக்கு எனக்கு நீ செய்யக்கூடியது ஒண்ணுதான். அவன் வரும்போது உங்கப்பா படுத்திருக்கணும்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இந்தத் தடவை நாலு வாக்கியத்தில் முடிக்கவில்லை. அந்தப் பையன் வந்ததும் அவன் முன்னால் நின்று உண்மையைச் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னாள். இனிமேல் தாங்க முடியாது என்றாள்.

"சொல்லிட்டு நீ நிம்மதியாயிடுவ. அவன் அதை வெச்சுக்கிட்டு குவைத்துல என்ன பண்ணுவான்?" என்றார் தணிகாசலம்.

பூசை முடிந்த மறுநாள் பகலில் ஆல்வின் வந்தான். நல்ல உயரம். துக்கத்துக்கு அடையாளமாகச் சட்டையில் கறுப்புத் துணித் துண்டு குத்தியிருந்தான். ரெஜினா கூட வரவில்லை. அவன் கட்டிலருகே உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வசுமதி வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

தணிகாசலம்தான் கண்ணைத் திறந்து, உங்கப்பாகிட்ட என்னப்பா சொல்லணும்னு ஊருக்கு வந்த என்று கேட்டார்.

அவன் முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னான். தன் ரிப்பேர் கடையில் வேலை கற்றுக்கொடுக்கும்போது அப்பா அடிப்பார். ஒரு நாள் வாடிக்கையாளர் முன்னால் அடித்தார். திருப்பிக் கையை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை, ஓங்கியதுதான். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். மூன்று வருடமாக ஃபோனில் கேட்க வாய் வரவில்லை. நேரில் கேட்டுவிடலாம் என்று நினைத்தான்.

தணிகாசலம் போர்வையை விலக்கிக் கையை எடுத்து அவன் தலையில் வைத்தார். "அடிச்சவனுக்குத்தான்ப்பா ராத்திரியில தூக்கம் வராது. ஓங்கினதை அன்னிக்கே மறந்திருப்பாரு. பையன் வந்துட்டானான்னு கேட்டாருல்ல? கோவம் இருந்தா கேப்பாரா?"

ஆல்வின் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். தணிகாசலம் அவன் அழுது முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

கிளம்பும்போது அவன் வசுமதியின் அருகில் நின்றான். முகம் தெளிந்திருந்தது. "அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு நீங்க வந்து சேர்ந்ததும் அப்பாகிட்ட முதல்ல என்ன சொன்னீங்க?"

அவன் காத்திருந்தான். தன்னுடைய நேரத்தைக் கொடுத்து வாங்கிய ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போல் நின்றிருந்தான்.

கட்டிலிலிருந்து தணிகாசலத்தின் குரல் கேட்டது. "அவ ஒண்ணும் சொல்லலப்பா. விடியறவரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா."

தடுமாறாமல் சொன்னார். ஆல்வின் தலையை ஆட்டிக்கொண்டான். அதுபோதும் என்பதுபோல் ஒரு புன்னகை வந்து போயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினான்.

அவன் காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகு தணிகாசலம் எழுந்து கட்டிலில் உட்கார்ந்தார். தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் உத்தரவு கேட்கிற பிள்ளையைப் போல, தணிந்த குரலில் கேட்டார்.

"அந்தப் பையன் நாளைக்கு ஊருக்குப் போயிடறான்ல வசு? அப்ப நாளன்னிக்கு நான் வெளியில போகலாமா?"